ஒன்பதாவது டிராகன் எங்கே?

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் உள்ள தேதி 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனப் பேரரசர் யொங்லெ இந்தத் தீவின் வழிபாட்டிடங்களுக்கு அனுப்பிய காணிக்கைகளை, அவருடைய கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தார். அவற்றின் பட்டியலைச் சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் கல்லில் வெட்டிவைத்தார்கள். தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த நாயனாருக்கு உரியது. பொன், வெள்ளி, வாசனை எண்ணெய், பல நிறப் பட்டு, பொன்னிழையில் பூவேலை செய்த கொடிகள் என்று கல்வெட்டுச் சொல்லும் காணிக்கைகள் பல. 1911இல் இந்தக் கல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது, அங்கிருந்துதான் மீட்டார்கள்.

கல்லில் சொன்ன பட்டு இன்று நம்மிடம் இல்லை. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எப்போது என்ற செய்தி மட்டும் அழியாமல் நிற்கிறது. பழைய சீனப் பூவேலை அங்கிகளின் கதை இதற்கு நேர்மாறு. ஏலக் கடைகளிலும் நூதனசாலைகளிலும் அவற்றைப் பார்க்கலாம். பட்டு இருக்கிறது, பொன்னிழை மின்னுகிறது, நிறம்கூட அதிகம் மங்கவில்லை. யாருடையது என்ற செய்திதான் தொலைந்துபோயிருக்கிறது. பக்கத்தில் 'அரச குடும்பத்து உடுப்பு' என்று ஒரு அட்டை தொங்கும். அந்த அட்டையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இன்று நம்முடைய கேள்வி. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள். அவசரம் ஒன்றுமில்லை, படிப்படியாகவே போவோம்.

முதலில் உடுப்பைப் பார்ப்போம். நமக்கு இன்று கிடைக்கும் அங்கிகளில் பெரும்பாலானவை சிங் வம்சத்துக் காலத்தவை. 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்து, 1912 பெப்ரவரி வரை ஆண்டவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் சீனர் அல்லர். வடகிழக்கிலிருந்து குதிரையில் வந்த மஞ்சூக்கள். அந்தக் குதிரை அவர்களுடைய அரசவை உடுப்பிலும் நிற்கிறது. அங்கியின் இடப் பாதி வலப் பாதியின் மேல் ஏறி, வலப்பக்கமாகப் பொத்தானில் பூட்டப்படும். கை ஒடுங்கி வந்து, முடியும் இடத்தில் குதிரைக் குளம்பு வடிவில் விரியும். குளிரில் கடிவாளம் பிடிக்கும் கையை அது மூடும். கால்களை அகட்டிச் சேணத்தில் இருப்பதற்காகக் கீழே முன்னும் பின்னும் கிழிவு விட்டிருப்பார்கள். பேரரசரின் குலத்து ஆண்களுக்கு இரு பக்கங்களிலும் மேலும் இரண்டு, ஆக நாலு கிழிவு. கீழ் விளிம்பில் சாய்வான பல நிறக் கோடுகள் ஓடும், அதன் மேல் அலை எழும், அலைக்கு நடுவே மலை நிற்கும். மலைக்கு மேலே முகில், முகிலுக்குள் டிராகன். உடுத்தவரின் உடலைச் சுற்றி ஒரு முழு உலகமே தைக்கப்பட்டிருக்கும்.

டிராகனைக் கண்டதும் நம் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வருகிறது: இது சீன ராஜாவின் உடுப்பு. படித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விற்பவர்களுக்கு இந்த எண்ணத்தைக் கலைக்க மனம் வருவதில்லை. ஆனால் டிராகன் அங்கி என்பது அடிப்படையில் ஒரு சீருடை. பேரரசர் அதை உடுத்தார், இளவரசர் உடுத்தார், தூரத்து மாவட்டத்தில் வரி வசூலித்த சின்ன அதிகாரியும் விழா நாட்களில் உடுத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் உடுத்த உடுப்பு அது. எனவே டிராகன் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. எந்த டிராகன், எத்தனை, என்ன நிறத் துணியில், பக்கத்தில் வேறு என்ன என்று பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் விதி இருந்தது. 1759இல் சியன்லொங் பேரரசர் தம் அரசவைக்குரிய உடுப்பு, பாத்திரம், கருவி எல்லாவற்றையும் படத்தோடு வரைந்து, எவர் எதை வைத்திருக்கலாம் என்று வகுத்து ஒரு பெரிய நூலைத் தொகுப்பித்தார். அதை ஒட்டித்தான் இன்று அறிஞர்கள் அங்கிகளை வாசிக்கிறார்கள். நாமும் அந்த வழியிலேயே வாசித்துப் பார்ப்போம்.

காலில் தொடங்குவோம். ஐந்து நகம் உள்ள டிராகனுக்கு 'லுங்' என்று பெயர். பேரரசருக்கும் அவர் மக்களுக்கும் மேல்நிலை இளவரசர்களுக்கும் உரியது. நாலு நகம் உள்ளதற்கு 'மாங்' என்று பெயர். மற்றப் பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரியது. உருவத்தில் இரண்டுக்கும் வேறு வித்தியாசம் இல்லை, ஒரு நகம்தான். பேரரசர் மகிழ்ந்து ஒருவருக்கு ஐந்து நக அங்கியைப் பரிசாகக் கொடுத்தால், பெற்றவர் ஐந்தாவது நகத்தின் தையலைப் பிரித்துவிட்டு உடுத்த வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. ஒரு நகத்தின் இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் எஞ்சி நிற்கும் அங்கி கிடைத்தால், அது கடையில் வாங்கியதல்ல, மேலிடத்திலிருந்து வந்தது என்று எண்ண இடமுண்டு. அவ்வளவு சின்னத் தடயம். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 19ஆம் நூற்றாண்டில் விதி தளர்ந்து, ஐந்து நகத்தை யார் யாரோ தைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. பேரரசரின் அங்கியில் ஒன்பது டிராகன் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் எட்டுத்தான் வரும். நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, முன் கீழ்ப்பாதியில் இரண்டு, பின் கீழ்ப்பாதியில் இரண்டு. ஒன்பதாவது, மேல் மடிப்பைத் திறந்தால் உள்ளே மறைந்திருக்கும் பாதியில் இருக்கிறது. உடுத்தவருக்கு மட்டும் தெரிந்த டிராகன் அது. கணக்கிலும் ஒரு அழகு உண்டு. முன்னாலிருந்து பார்ப்பவருக்கு இரு தோள்களையும் சேர்த்து ஐந்து தெரியும், பின்னாலிருந்து பார்ப்பவருக்கும் ஐந்து தெரியும். ஆனால் மொத்தம் ஒன்பது. ஐந்தும் ஒன்பதும் சீனர் மங்கலமாகக் கொள்ளும் எண்கள். அதிகாரிகளின் நாலு நக அங்கிகளில் மேல் மூன்று தரத்தாருக்கு ஒன்பது, நடு மூன்று தரத்தாருக்கு எட்டு, கடைசி மூன்று தரத்தாருக்கு ஐந்து என்று விதி இறங்கிக்கொண்டே போகும்.

நிறமும் பேசும். பளிச்சென்ற மஞ்சள் பேரரசருக்கும் பேரரசிக்கும். செம்மை கலந்த மஞ்சள் பட்டத்து இளவரசருக்கு. பொன்மஞ்சள் மற்ற மகன்களுக்கு. பிரபுக்களும் அதிகாரிகளும் நீலத்திலும் கருநீலத்திலும் மண்ணிறத்திலும் உடுத்தார்கள். ஆகவே சந்தையில் அதிகம் கிடைப்பது நீல அங்கிதான், அதில் வியப்பில்லை.

பேரரசருக்கே உரிய அடையாளம் இன்னொன்று. டிராகன்களுக்கு இடையில் சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு சின்னங்கள் சிதறிக் கிடக்கும். சூரியன், சந்திரன், விண்மீன், மலை, சோடி டிராகன், காட்டுக்கோழி, பூசைக் கிண்ணங்கள், நீர்ப்பாசி, தானியம், நெருப்பு, கோடாலி, நன்மை தீமையைப் பிரிக்கும் ஒரு குறி. சூரியனுக்குள் மூன்று கால் பறவை நிற்கும். சந்திரனுக்குள் முயல் உரலில் மருந்து இடித்துக்கொண்டிருக்கும். நிலாவில் முயலைக் காண்பவர்கள் நாமும்தானே. இந்தப் பன்னிரண்டும் ஒரு அங்கியில் அந்த அங்கியோடு ஒரே காலத்தில் தைக்கப்பட்டிருந்தால்தான் 'பேரரசர்' என்ற பேச்சையே எடுக்கலாம். ஒரே காலத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பின்னாளில் விலைக்காகச் சின்னங்களைச் சேர்த்துத் தைப்பதும் நடக்கக்கூடிய காரியம்.

இனி, பலரும் கவனிக்காத ஒரு விஷயம். இவ்வளவு பாடுபட்டுத் தைத்த டிராகன் அங்கியை அரசவையில் முழுதாக யாரும் பார்த்ததில்லை. அதற்கு மேல் கருநிற மேலங்கி ஒன்று போட வேண்டும். கீழ் விளிம்பின் அலைகளும் கைமுனையும் மட்டுமே வெளியே தெரியும். பதவியை வெளியே அறிவித்தது மேலங்கியின் நெஞ்சிலும் முதுகிலும் இருந்த சின்னத் துண்டு. அதிகாரிகளுக்கு அது சதுரம். எழுத்துப் பணியாளர்களுக்குப் பறவை: முதல் தரத்தாருக்குக் கொக்கு, மூன்றாம் தரத்தாருக்கு மயில், எட்டாம் தரத்தாருக்குக் காடை. படைத்துறையினருக்கு விலங்கு: இரண்டாம் தரத்தாருக்குச் சிங்கம், நாலாம் தரத்தாருக்குப் புலி. பேரரசரின் இரத்த உறவான இளவரசர்களுக்குத்தான் வட்டத் துண்டு, அதற்குள் டிராகன். ஒரு குடும்பம் உண்மையிலேயே அரச குலமா என்று கேட்டால் நான் முதலில் தேடுவது இந்த வட்டத்தைத்தான்.

குடும்பம் என்று வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நின்று போவோம். பிரபுக் குடும்பத்து அங்கி என்றால், தாத்தா உடுத்தது, அப்பா உடுத்தது, மகன் உடுத்தது என்று நாம் கற்பனை செய்கிறோம். சிங் அரசமுறை அப்படி இடம் கொடுக்கவில்லை. இளவரசர் பட்டம் பெரும்பாலும் தலைமுறைக்கு ஒரு படி இறங்கும். தந்தை முதல்தர இளவரசராக இருந்தால், வாரிசு அடுத்த தரம், பேரன் அதற்கும் அடுத்த தரம். அப்படியானால் தாத்தாவின் அங்கி பேரனுக்குப் பெட்டியில் இருக்கும், ஆனால் உடுத்த உரிமை இருக்காது. ஐந்து நகத்தை உடுத்துக்கொண்டு போனால் குற்றம். பட்டம் இறங்காமல் அப்படியே தொடர்ந்த குடும்பங்களும் இருந்தன. 'இரும்புத் தொப்பி' இளவரசர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். வம்சத்தின் தொடக்கத்தில் நிலைபெற்ற எட்டுக் குடும்பங்கள், பின்னர் சேர்ந்தவை நாலு, ஆகப் பன்னிரண்டுதான். மற்ற எல்லா வீடுகளிலும் பழைய அங்கி என்பது, குடும்பம் ஒரு காலத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாட்சி.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று கொங் இளவரசரின் வீடு. 1912இல் வம்சம் முடிந்ததும், வீட்டின் தலைவராக இருந்த பூவெய், வெண்கலமும் ஜேட் கல்லும் பீங்கானுமாகத் தலைமுறைகளாய்ச் சேர்ந்திருந்த பொருட்களை யமனக்கா என்ற ஜப்பானிய வணிக நிறுவனத்துக்கு விற்றார். வீழ்ந்த வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்றப் பணம் தேவைப்பட்டது அவருக்கு. 1913இல் அவை நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்தன. விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ஏலப் பட்டியலும் இருப்பதால், அந்தப் பொருட்களின் கதை இன்றும் அறுபடவில்லை. ஆனால் இப்படி எழுத்தோடு வெளியேறியவை கொஞ்சம். 1860இல் பெய்ஜிங்கின் கோடை அரண்மனையை ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் கொள்ளையிட்டன. 1900இல் எட்டு நாட்டுப் படைகள் நகரையே சூறையாடின. 1924இல் கடைசிப் பேரரசர் பூயியை அரண்மனையிலிருந்து வெளியேற்றினார்கள். ஊதியம் நின்றுபோன மஞ்சூக் குடும்பங்கள் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டன. வெட்கத்தோடு விற்பவர் பெயர் சொல்வாரா? வாங்குபவர்தான் எழுதிவைப்பாரா? அங்கிகள் பெயரில்லாமல் கப்பல் ஏறின. குசன் உறையாகவும் மேசை விரிப்பாகவும் வெட்டப்பட்டவையும் உண்டு என்பதை எழுதவே கை கூசுகிறது.

பிரபுக்களே அல்லாதவர்களின் உடுப்பும் இந்தக் கூட்டத்தில் கலந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் போர்ச் செலவுக்காக அரசு பதவிப் பட்டங்களைப் பணத்துக்கு விற்றது. வாங்கிய வணிகர்கள் அதற்குரிய அங்கியையும் துண்டையும் கடையில் வாங்கித் தைத்துக்கொண்டார்கள். சாதாரணக் குடும்பத்துச் சீன மணப்பெண்ணும் கலியாண நாளில் மட்டும் அதிகாரியின் மனைவி போல டிராகன் வைத்த சிவப்பு மேலாடை உடுத்தாள். நாடகக்காரர்களும் டிராகன் அங்கி வைத்திருந்தார்கள். ஆக, 'டிராகன் இருக்கிறது, எனவே பிரபு' என்ற முடிவும் நிற்காது.

துணியே தன் வயதைக் கொஞ்சம் சொல்லும். சீனப் பொன்னிழை நம் சரிகை போல உலோகக் கம்பியால் ஆனதல்ல. தாளில் பொன் தகட்டை ஒட்டி, மெல்லிய நாடாவாக வெட்டி, பட்டு நூலின் மேல் சுற்றியது. அதை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் தாள் கிழியும். அதனால் துணியின் மேலேயே படுக்கவைத்து, வேறொரு மெல்லிய நூலால் இடைக்கிடை கட்டிப் பிடிப்பார்கள். கட்டும் நூல் சிவப்பாக இருந்தால் பொன் இன்னும் சூடாக ஒளிரும். இப்படி ஒரு டிராகனின் செதில்களை வரிசை வரிசையாக நிரப்பியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அரண்மனைக்கான பட்டு நான்ஜிங், சூசோ, ஹாங்சோ ஆகிய மூன்று நகரங்களின் அரச தறிச்சாலைகளில் உருவானது என்பது மட்டும் தெரியும். காலத்தைக் கணிக்கச் சாயமும் உதவும். கூசும் ஊதா நிறம் கண்டால், அது 1856இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த செயற்கைச் சாயத்தின் வழிவந்தது. அங்கி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கீழ் விளிம்புக் கோடுகள் உயர்ந்து முழங்காலை நோக்கி வளர்ந்திருந்தாலும் அது பிந்திய காலத்து வேலை.

இவ்வளவையும் படித்து முடித்த பிறகும், அங்கி நமக்குச் சொல்வது தரத்தைத்தான், பெயரை அல்ல. மூன்றாம் தரத்து அதிகாரி என்று சொல்லும், எந்த அதிகாரி என்று சொல்லாது. பெயர் வேண்டுமானால் கைமாறிய வரலாறு வேண்டும். நாம் காணி வாங்கும்போது உறுதியைப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். அம்மம்மா அம்மாவுக்குச் சீதனமாக எழுதியது, அம்மா மகளுக்கு எழுதியது என்று ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் கடைசிக் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அங்கிக்கு இந்த உறுதி, பழைய கடிதமாக, விலைச் சீட்டாக, உடுத்தவரின் படமாக இருக்கலாம். 'எங்கள் தாத்தாவுக்கு ஒரு சீன இளவரசர் கொடுத்தாராம்' என்ற வாய்ச்சொல் ஒரு தொடக்கம். அதையே முடிவாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

உறுதி அறுபடாமல் வந்த சீனப் பூவேலையைப் பார்க்க நாம் சீனா வரை போக வேண்டியதில்லை. மும்பைப் பார்ஸிக் குடும்பங்களின் 'காரா'ச் சேலைகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டிலிருந்து கன்டனுக்குப் பருத்தியும் அபினும் கொண்டுபோன பார்ஸி வணிகர்கள், திரும்பும்போது தம் வீட்டுப் பெண்களுக்காகச் சீனக் கைகள் பூவேலை செய்த பட்டைக் கொண்டுவந்தார்கள். கொக்கும், பியோனிப் பூவும், பாலத்தின் மேல் நிற்கும் சீன மனிதர்களும் பார்ஸிப் பெண்ணின் தோளில் ஏறினார்கள். அந்த வணிகர்களில் பெரியவர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். 1805இல் அவர் சீனாவுக்குப் போன பிரன்சுவிக் கப்பலை நம் காலிக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, ஆபிரிக்காவின் தென்முனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதிலிருந்து மீண்டு வந்து செல்வம் சேர்த்தார். 1857இல் பிரித்தானிய அரசு அவருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பரோனெட் பட்டம் கொடுத்தது. இந்தியர் ஒருவருக்கு அது முதன்முறை.

காராவில் நக எண்ணிக்கை இல்லை, பதவிச் சின்னம் இல்லை. ஆனாலும் பல பார்ஸி வீடுகளில் இது இன்னாருடைய கலியாணக் காரா, அவர் மாமியாரிடமிருந்து வந்தது என்று தயங்காமல் சொல்வார்கள். டிராகன் அங்கியில் தரம் முழுவதும் தைக்கப்பட்டிருந்தும் பெயர் போய்விட்டது. காராவில் ஒன்றுமே எழுதாமலும் பெயர் நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு பூவேலையில் இல்லை. ஒரு வீடு கலைந்தது, மற்றது கலையவில்லை, அவ்வளவுதான்.

வீடு கலைவது என்றால் என்ன என்று திருகோணமலை மாவட்டத்து நம் கட்டைபறிச்சானில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2006இல் போரினால் பக்கத்துச் சம்பூர்ப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. பின்னர் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்கில் கூடாரத்துக்குள் இருந்தவர்களின் பெட்டகங்கள் என்ன ஆயின என்று கேட்டால், சொல்லி முடியாது. தப்பி வந்த ஒரு கூறைச்சீலை, ஒரு பட்டுத் தாவணி இன்னும் சில அலுமாரிகளில் இருக்கும். அது யாருடையது என்று தெரிந்தவர் இன்றைக்கு வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்தச் சீலையை எடுத்து, அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ கேளுங்கள்: யார் உடுத்தது, எந்தக் கலியாணத்துக்கு, எங்கே வாங்கியது, யார் கையால் உங்களிடம் வந்தது. அவர் சொல்வதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள். சீலையோடு அவரையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். தோய்த்து உலர்த்திய பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சீலையைச் சுற்றி, கடதாசியைச் சீலையில் படாமல் துணிக்கு வெளியே வையுங்கள். பொலித்தீன் பையில் போடாதீர்கள், ஈரம் உள்ளே நின்று பட்டை அழிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில் வெடிக்கும். கடதாசியில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் கலையும், பென்சில் எழுத்து நிற்கும்.